சம்மனசின் கவுன்

உத்தமபாளையத்திலிருந்து சின்னமனூர் போகும் சாலையில் நான் நடந்துகொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். காலில் செருப்பு இல்லை. மேலே பூசைக்குப் போடுகிற வெள்ளைச் சட்டை, அதன் வயிற்றுப் பக்கம் முழுக்கக் கிரீஸ். கால்சட்டைப் பையில் உள்ளங்கை நீளத்துக்கு ஒரு வெள்ளைக் கவுன் இருந்தது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் பைக்குள்ளேயே கசக்கிக்கொண்டு நடந்தேன். எனக்கு முன்னால் ஒரு கார் போயிருந்தது. அது இந்நேரம் தேனியைத் தாண்டியிருக்கும். அதைப் பிடித்துவிடலாம் என்றெல்லாம் நான் நினைக்கவில்லை. அது போன திசையில் போக வேண்டும், அவ்வளவுதான். அதற்குப் பிறகு எத்தனையோ ஊர்களிலிருந்து அப்படிக் கிளம்பியிருக்கிறேன். அதுதான் முதல் தடவை. எனக்குப் பதின்மூன்று வயது.

அந்தக் கார் எங்கள் ஊருக்கு லாரியில் ஏறித்தான் வந்தது. உலக யுத்தத்துக்கு முந்தின கார். மலைக்கு மேலே, கேரளப் பக்கத்து ஏலத் தோட்டத்தில், ஒரு வெள்ளைக்காரத் துரை கப்பலில் வரவழைத்து ஓட்டியது. துரை போன பிறகு தோட்டத்தை வாங்கிய முதலாளிக்கு அந்தக் காரை ஓட்டியவர் என் அம்மாவின் அப்பா. எனக்கு அவரைத் தெரியாது. நான் பிறப்பதற்கு முன்பே இறந்துபோனார். கடைசியில் கார் ஓட்டமில்லாமல் காய் உலர்த்தும் கொட்டகையில் கிடந்தது. அதன் மேல் ஏலக்காய் மூட்டைகளை அடுக்கி வைத்திருந்தார்களாம். பழைய கார்களைச் சேர்த்து வைக்கிற கோயம்புத்தூர் மில் முதலாளி ஒருவர் அதை வாங்கி லாரியில் ஏற்றிக் கொண்டுபோனபோது, மலையிறங்கிய லாரி பிரேக் சூடாகி, எங்கள் ஊருக்குப் பாதை பிரிகிற விலக்கில் நின்றது. விலக்கில்தான் என் மாமாவின் பட்டறை இருந்தது.

மாமா என் அம்மாவின் தம்பி. ஜீப் மெக்கானிக். எங்கள் பக்கத்து ஊர்களிலிருந்து பெண்கள் விடிகாலையில் ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாக மேலே போய்க் காய் எடுத்துவிட்டுச் சாயங்காலம் இறங்குவார்கள். பத்துப் பேர் போகிற ஜீப்பில் இருபது பேர் போவார்கள். ஆகவே மாமாவுக்கு வேலை குறைந்ததே இல்லை. என் அம்மாவும் அந்த இருபதில் ஒருத்தி. என் அப்பா ரப்பர் வெட்டப் போகிறேன் என்று மலை தாண்டிப் போய், அங்கேயே ஒரு குடும்பம் வைத்துக்கொண்டார். மாமா எங்களோடுதான் இருந்தார், கல்யாணம் ஆகவில்லை.

லாரியின் பிரேக்கைப் பார்க்கப் போன மாமா, மேலே தார்ப்பாய் மூடியிருந்ததைத் தூக்கிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார். பிறகு பின்னால் தன் காரில் வந்த மில் முதலாளியிடம் போய், “சார், இது எங்கப்பா ஓட்டுன வண்டி. இத இங்கனயே எறக்கிருங்க. நான் ஓட வச்சுத் தாரேன்” என்றார். முதலாளி சிரித்தார். மாமா சிரிக்கவில்லை. மறுவாரம் அந்தக் கார் எங்கள் பட்டறையில் நான்கு செங்கல் அடுக்குகளின் மேல் உட்கார்ந்திருந்தது. வண்டியைத் தன் சொந்த ஓட்டத்தில் கோயம்புத்தூர் கொண்டுவந்து சேர்த்தால் மாமாவுக்கு முதலாளியின் கார் கொட்டகையில் நிரந்தர வேலை, தங்க வீடு என்று பேச்சு. அந்தப் பேச்சை மாமா வீட்டில் சொன்ன அன்றைக்கு, “அப்ப நானு?” என்று கேட்டேன். “நீ இல்லாமயாலே? பின்சீட்டு யாருக்கு இருக்கு?” என்றார். அம்மா சோற்றைப் போட்டாள்.

அன்றிலிருந்து நான் பள்ளிக்கூடத்துக்குப் போனது மழை நாட்களில் மட்டும்தான்.

காரின் முகம் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவு. விளக்குகள் இரண்டும் சோற்றுக் குண்டான்கள் போல இருந்தன. மேல்கூரை கிடையாது, துணிப் படுதாவை முன்னால் இழுத்து மாட்டினால் கூரை, மடக்கினால் வானம். படுதாவை எலி தின்றிருந்தது. உடம்பின் தகரத்துக்கு உள்ளே மரச் சட்டம், அதைக் கறையான் தின்றிருந்தது. எஞ்சின் இறுகிப் போயிருந்தது. மாமா டீசலையும் மண்ணெண்ணெயையும் கலந்து உள்ளே ஊற்றி, பதினோரு நாள் தொடாமல் விட்டார். பன்னிரண்டாம் நாள் கைப்பிடியைப் போட்டுத் திருப்பினபோது உள்ளே ஏதோ முனகியது. மாமா கைப்பிடியை விட்டுவிட்டு வெளியே போய் ஒரு பீடி குடித்துவிட்டு வந்தார்.

மரச் சட்டத்தை மாட்டு வண்டி செய்கிற ஆசாரி வந்து வேம்பில் செய்து கொடுத்தார். படுதாவைக் கம்பத்தில் ஜீப்புக்குத் தார்ப்பாய் தைக்கிறவர் தைத்தார். கிடைக்காத சாமான்களை மாமாவே கடைந்தார். பழைய பல்சக்கரத்தைக் கையில் வைத்து உருட்டிப் பார்ப்பார்; பிறகு லேத்துக்குப் போய், அளவுகோல் எடுக்காமல், அதேபோல ஒன்றைக் கொண்டுவருவார். மயிரிழை பிசகாது. என் வேலை தண்ணீர் ஊற்றி உப்புத்தாளால் தேய்ப்பது. கறுப்புக்கு அடியில் பச்சை, பச்சைக்கு அடியில் பாலேடு நிறம். பாலேடு வந்ததும் மாமா, “இதுதாம்லே தொர காலத்து நெறம்” என்றார். அதையே அடித்தோம். எவ்வளவு கழுவியும் இருக்கைகளுக்கு அடியிலிருந்து ஏலக்காய் வாசனை மட்டும் போகவில்லை. முதலாளி அது இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

எஞ்சின் ஓடியது. ஓடுகிறதா என்று கை வைத்துப் பார்த்தால்தான் தெரியும், அவ்வளவு மெதுவாக. ஆனாலும் மாமா செல்போனில், “இன்னும் லேசா ஒரு சத்தம் வருது சார். பாத்துட்டுச் சொல்றேன்” என்று வாராவாரம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அந்தச் சத்தம் கேட்கவே இல்லை. மெக்கானிக் காது வேறு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் முதலாளியே வந்துவிட்டார். காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். உட்கார்ந்து பார்த்தார், இறங்கிப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய புகைப்படத்தை எடுத்துக் காட்டினார். துரையும் துரைசாணியும் அதே காரில் இருந்தார்கள். “எல்லாஞ் செரிங்க மாஸ்டர். இந்த முன்னாடி மூடி மேல ஒரு பொம்ம நிக்குது பாருங்க. அது இல்லாம வண்டி மூளியா இருக்குதுங்க. மூளியா எங்க கொட்டாய்க்குள்ள வராதுங்க” என்றார்.

நான் எட்டிப் பார்த்தேன். நீண்ட மூக்கின் நுனியில், தண்ணீர் ஊற்றுகிற மூடியின் மேல், முன்னால் சாய்ந்து, இரண்டு இறக்கைகளையும் பின்னால் விரித்துக்கொண்டு நின்றது எங்கள் சம்மனசு.

எங்கள் ஊர்க் கிறிஸ்தவர்கள் வானதூதரைச் சம்மனசு என்றுதான் சொல்வோம். ஊருக்குள் நுழைகிற இடத்தில், வாய்க்கால் கரையில், கல்லால் கட்டிய மாதா கெபி இருக்கிறது. மாதாவின் காலடியில் ஒரு சிமெண்டு மேடை, அதில் ஒரு வெள்ளி நிறச் சம்மனசு. என் தாத்தா மலையிலிருந்து வேலையை விட்டு இறங்கியபோது கையில் கொண்டுவந்து வைத்தது. விடிகாலையில் ஜீப் அங்கே நிற்கும். பெண்கள் ஒவ்வொருவராக இறங்கி, சம்மனசின் காலைத் தொட்டு, விரலை உதட்டில் வைத்து முத்தி செய்துகொண்டு ஏறுவார்கள். ஓட்டுநரும் தொடுவார். எங்கள் ஊர் ஜீப் ஒன்றுகூட இதுவரை மலையில் உருண்டதில்லை என்பார்கள். அந்தச் சம்மனசின் உடை காற்றில் பறந்து உடம்போடு ஒட்டினது போல இருக்கும், பார்க்கக் கொஞ்சம் கூச்சம். அதனால் ஒரு கவுன் போட்டு வைத்திருந்தார்கள். வருஷத்துக்கு ஒரு தரம், ஈஸ்டர் பாஸ்காவுக்கு முன்னால், பழையதைக் கழற்றிப் புதியது போடுவது என் அம்மா. தைப்பதும் அவள்தான். கவுன் இல்லாத சம்மனசைப் பார்த்திருந்தவர்கள் ஊரில் நானும் அவளும், அப்புறம் மாமாவும்தான் இருக்க முடியும்.

முதலாளி போனதும் மாமாவிடம் சொன்னேன். “ஏலே, வாய மூடு” என்றார். “அது சாமிக்குப் போனது. சாமிக்குப் போனதத் திரும்பக் கேக்கக் கூடாது.” எனக்கு ஆச்சரியமாக இருந்தது. மாமா பூசைக்குப் போய் நான் பார்த்ததில்லை.

பொம்மையைத் தானே செய்கிறேன் என்று ஆரம்பித்தார். மெழுகில் பிடித்து, தேனியில் பித்தளை வார்க்கிறவரிடம் கொடுத்து வாங்கிவந்தார். முதலாவது, தவிட்டைக் கண்டு ஓடிவருகிற கோழி மாதிரி இருந்தது. அதைப் பார்க்க வந்த முதலாளி கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். இரண்டாவது, நனைந்த கோழி. “அவசரமில்லீங்க மாஸ்டர், அடுத்த ஞாயித்துக்கெழம வர்றேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். மாமா மூன்றாவதுக்கு மெழுகு பிசைந்துகொண்டிருந்தார். அதற்கும் அலகு முளைப்பதை நான் கவனித்தேன். எனக்குப் பொறுக்கவில்லை. மாமாவின் வேலை போகிறது, வீடு போகிறது, என் பின்சீட்டும் போகிறது. கோயம்புத்தூரை நான் பார்த்ததில்லை. ஆனால் தேய்த்துத் தேய்த்து அந்தப் பாலேடு நிறத்தைக் கொண்டுவந்தபோதே பாதி தூரம் போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஊர் முழுக்கப் பூசையில் இருந்தபோது, மாமாவும் மூன்றாவதை வாங்கிவரத் தேனிக்குப் போயிருந்தபோது, உளியும் சுத்தியலுமாகக் கெபிக்குப் போனேன். மாதாவிடம் ஒரு அருள்நிறை மந்திரம் சொன்னேன், பாதியில் மறந்துவிட்டது. கவுனைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு சிமெண்டில் ஓர் அடி வைத்தேன். மறு அடிக்கு அவசியமே இல்லை. சம்மனசு மூடியோடு கையில் வந்தது. மூடியின் திருகு மரைகளைச் சுற்றி கிரீஸ் தடவிய துணியை இறுக்கிச் சுற்றி, அதற்குமேல்தான் தாத்தா சிமெண்டு பூசியிருந்தார். சாமிக்குக் கொடுத்தாலும் மரை கெடக் கூடாது என்று நினைத்திருக்கிறார், ஓட்டுநர் புத்தி. துணியை உருவிவிட்டுக் காரில் வைத்துத் திருகினேன். ஒன்றரைச் சுற்றில் கச்சிதமாக உட்கார்ந்தது. மேலே போர்வையைப் போட்டு மூடிவிட்டு ஒன்றும் அறியாதவன் போல டயர் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

முதலாளி வந்ததும் மாமா, மூன்றாவது கோழியை ஒரு கையில் வைத்துக்கொண்டு, மறு கையால் போர்வையை இழுத்தார்.

அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்திருந்தேன். அவர் சம்மனசைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். கோழியை மெதுவாகச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். முதலாளி கைதட்டினார். “அடேங்கப்பா! எங்கீங்க கெடச்சுது?” மாமா, “எங்கப்பா எடுத்து வச்சிருந்தாக சார்” என்றார். பொய் இல்லை.

அதற்குள் பூசை முடிந்து, கெபி காலியாக இருப்பதைக் கண்டு, ஊர் பட்டறைக்கு வந்துவிட்டது. முன்னால் கோயில்பிள்ளை, செபம் சொல்லிக்கொடுப்பதும் மணியடிப்பதும் அவர்தான். கூட்டத்துக்குள் என் அம்மா, தலையில் முக்காட்டுடன்.

“ஏம்ப்பா, அது நம்ம சம்மனசுல்ல?” என்றார் கோயில்பிள்ளை. “கெபிய மொட்டையாக்கிட்டு வண்டியில வச்சிருக்கீகளே, இது என்ன நாயம்?”

மாமா வாயைத் திறந்தார். அவர் அதைத் திருகி எடுத்துக் கொடுத்துவிடப் போகிறார் என்று எனக்குத் தோன்றியது. அம்மா முந்திக்கொண்டாள்.

“எங்கய்யா இந்த வண்டியிலருந்து கழட்டியாந்து வச்சது. வண்டி வந்து நிக்கிது. குடுத்தாச்சு.”

“ஊருக்குன்னு வச்சத நீ எப்பிடித்தா குடுப்ப?”

“ஊரு அதுக்கு ஒரு கவுன் தச்சுப் போட்டிருக்கா? இத்தன வருசமும் நாந்தான தச்சேன்?”

பின்னாலிருந்து ஒரு கிழவி, “அவ சொல்றது நெசந்தானப்பா. அவ இல்லாட்டி அது அம்மணமால்ல நின்னுருக்கும்” என்றாள். பெண்கள் சிரித்துவிட்டார்கள். கோயில்பிள்ளைக்கு மேற்கொண்டு கோபப்பட வழியில்லாமல் போயிற்று.

முதலாளிக்கு ஒன்றும் புரியவில்லை. “ஏதாச்சும் பிரச்சனைங்களா மாஸ்டர்?”

“ஒண்ணுமில்ல சார், வழியனுப்ப வந்திருக்காக” என்றாள் அம்மா. சொல்லிவிட்டு முன்னால் போய், சம்மனசின் காலைத் தொட்டு, விரலை முத்தி செய்தாள். அவள் செய்ததும் ஜீப்பில் போகிற பெண்கள் எல்லாரும் வரிசையாக வந்து செய்தார்கள். கடைசியில் கோயில்பிள்ளையும் செய்தார். முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது. “காருக்கு இத்தன மருவாதி குடுக்கற ஊர நாம் பாத்ததே இல்லீங்க” என்று சொல்லி எல்லாருக்கும் கும்பிடு போட்டார். அன்றைக்கே கிளம்பலாம் என்றும் சொன்னார்.

மாமா அம்மாவின் பக்கத்தில் போய் நின்றார். நான் அருகில்தான் இருந்தேன். “அக்கா, எஞ்சின்ல இன்னும் லேசா சத்தம் இருக்கு” என்றார்.

“எனக்கு ஒண்ணும் கேக்கல. ஏறு” என்றாள் அம்மா.

நான் அதற்கு முன்பே பின்சீட்டில் ஏறியிருந்தேன். மாமா வந்து என்னை இரண்டு கக்கத்திலும் கை கொடுத்துத் தூக்கி, தரையில் வைத்தார். “கூட்டிட்டுப் போறேன்னீகல்ல!” என்று கத்தினேன். “நீ இங்கன இருலே. அக்கா தனியாக் கெடக்கும்” என்றார். படுதாவை மடக்கிவிட்டிருந்தார்கள். கார் விலக்கில் திரும்பி வடக்கே போனபோது மாமாவின் பின்னந்தலை வெகுதூரம் தெரிந்தது. ஒரு தடவையாவது திரும்புவார் என்று பார்த்தேன். எல்லாம் செய்தவன் நான், என்னை விட்டுவிட்டுப் போகிறாரே என்று இருந்தது. அம்மா பெண்களோடு பேசிக்கொண்டிருந்தபோது நடக்க ஆரம்பித்துவிட்டேன்.

திராட்சைப் பந்தல்களும் தென்னந்தோப்புகளும் வயலுமாக அந்தச் சாலை. வாய்க்காலில் தண்ணீர் குடித்தேன். ஒரு மாட்டு வண்டிக்காரர் கொஞ்ச தூரம் ஏற்றிக்கொண்டார். பொழுது இறங்குகிறபோது சின்னமனூர் வந்தது. பேருந்து நிலையத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன், பிறகு அதிலேயே படுத்தேன். பசித்தது. பசி அன்று எனக்குப் புதிய விஷயம், பின்னால் பழகிய விஷயம்.

பல வருஷம் கழித்து நான் நாமக்கல்லில் ஒரு லாரிப் பட்டறையில் இருந்தேன். அங்கே ஒருவர் பழைய பல்சக்கரத்தைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, அதேபோல ஒன்றைக் கடைந்து போட்டார். பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அப்போதுதான் உறைத்தது. மயிரிழை பிசகாமல் எதையும் செய்கிற ஒரு மனிதருக்கு மூன்று முறையும் கோழியா வரும்? கேட்காத சத்தமும், சாமிக்குப் போனதைத் தொடக் கூடாது என்ற பக்தியும் எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. மாமாவுக்கு அந்தக் காரை ஓட வைக்க ஆசை இருந்தது. அதில் ஏறிப் போக ஆசை இல்லை. அக்காவையும் என்னையும் விட்டுவிட்டுப் போக மனமில்லாமல், போகமாட்டேன் என்று சொல்லவும் வழியில்லாமல், கோழியாக வார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு அது தெரியும். தெரிந்துதான் ஏறச் சொன்னாள். அவர் அங்கேயே கல்யாணம் செய்து, அங்கேயே தங்கிவிட்டார். அம்மா மறுநாள் விடியற்காலையில் காலி மேடையின் சிமெண்டைத் தொட்டு முத்தி செய்துவிட்டு ஜீப் ஏறினாளாம். மற்றவர்களும் அப்படியே செய்தார்களாம்.

பெஞ்சில் படுத்திருந்தவனுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்.

காலையில் மேகமலைத் தோட்டங்களுக்கு அரிசியும் காய்கறியும் ஏற்றிக்கொண்டு ஒரு ஜீப் நின்றது. கிளீனர் வரவில்லை என்று ஓட்டுநர் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். என் சட்டையின் கிரீஸைப் பார்த்துவிட்டு, “ஏலே, வண்டி வேல தெரியுமா?” என்றார். தெரியும் என்றேன். ஒரு முக்கோணக் கட்டையைக் கையில் கொடுத்தார். வளைவில் வண்டி நின்றால் குதித்து இறங்கி, பின்சக்கரத்துக்கு அடியில் அதை வைக்க வேண்டும். உருளக் கூடாது. அதுதான் வேலை. சாப்பாடு உண்டு.

“வீட்ல யாரு இருக்கா?”

“அம்மா.”

“ஆம்பளையாளு?”

“ஒரு மாமா இருந்தாரு. நேத்து விட்டுட்டுப் போயிட்டாரு” என்றேன். மாமாவைப் பற்றிப் புகார் சொல்ல ஓர் ஆள் கிடைத்த ஆறுதல் எனக்கு.

“சரி, ஏறு. மொதல்ல முன்கண்ணாடியத் தொடை. துணி வச்சிருக்கியா?”

பையிலிருந்து கவுனை எடுத்தேன். அவர் அதை வாங்கி விரித்துப் பார்த்தார். கழுத்தில் பொடித் தையல், முதுகில் இறக்கைகளுக்காக விட்ட இரண்டு ஓட்டைகள். “என்னலே இது, கோழிக்குச் சட்டையா?” என்று சிரித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். நானும் சிரித்தேன். பனி படிந்திருந்த கண்ணாடியை அதைக் கொண்டே துடைத்தேன். சின்னத் துணி, ரொம்ப நேரம் பிடித்தது.